ஒக்டோபர் முப்பது: ஒரு திகதி, இரண்டு வெளியேற்றங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் நெருங்கும்போது நமது சஞ்சிகைகளில் வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி ஒரு கவிதையோ கட்டுரையோ வந்துவிடும். வரத்தான் வேண்டும். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் நடந்ததை மறந்துவிட நமக்கு உரிமையில்லை. ஆனால் அதே திகதியில், அதற்குச் சரியாக 26 ஆண்டுகள் முன்னர், டில்லியில் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. அதைப்பற்றி நம்மவர் எழுதிய ஒரு வரியையாவது நான் வாசித்ததாக நினைவில்லை.

திகதி ஒற்றுமைகளில் பொருள் தேடுவது சாத்திரக்காரரின் வேலை. வரலாறு படிப்பிப்பவனின் வேலையல்ல. 1918 இல் உதுமானியப் பேரரசு முத்ரோஸ் துறைமுகத்தில் போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்திட்டதும் ஒக்டோபர் 30 தான். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பிறந்ததும் இறந்ததும் அந்தத் திகதியில்தான். இவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் கேட்பவர் சிரிப்பார். 1964 ஐயும் 1990 ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அப்படியான விளையாட்டல்ல. இரண்டிலும் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களைப் பார்த்து, நீங்கள் இங்கு விருந்தாளிகள், போகலாம் என்று வேறு யாரோ தீர்மானித்தார்கள்.

1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. இவர்கள் இலங்கையின் பொறுப்பு என்ற நிலைப்பாட்டிலிருந்து நேரு கடைசிவரை இறங்கவில்லை. 1964 மே மாதம் அவர் காலமானார். ஐந்து மாதம் கழிந்து சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தார்கள். நாடற்றவர் 975,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரின் விடயம் பின்னர் பார்க்கப்படும். எல்லாம் 15 ஆண்டுகளில் முடியவேண்டும். 1974 இல் அந்த மிச்சத்தையும் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள்.

இதை வகுப்பில் விளக்கியபோது, ஏழுக்கு நாலு என்ற விகிதத்தைக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, "சேர், இது ஆக்களா, அரிசி மூட்டையா?" என்று கேட்டாள். அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை எந்த ஆய்வு நூலிலும் நான் காணவில்லை. ஏழில் யார், நாலில் யார் என்பது குடும்பங்களுக்குள்ளேயே கோடு கிழித்தது. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று பிரிந்த வீடுகள் மலையகத்தில் எத்தனையோ.

இது தமிழருடைய பிரச்சினை என்று நாம் ஒதுங்கமுடியாது. குடிசன மதிப்பீட்டில் 'இந்தியச் சோனகர்' என்று தனியாக எழுதப்பட்ட வணிகர்களும் அதே 1948 சட்டத்தின் பிடியில் அகப்பட்டார்கள். அச்சட்டத்தைக் கொண்டுவந்த டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் நமது ரி. பி. ஜாயாவும் இருந்தார்; சி. சுந்தரலிங்கமும் சி. சிற்றம்பலமும் இருந்தார்கள். ஜாயாவின் கல்விப் பணியை நாம் கொண்டாடுகிறோம், தகும். ஆனால் அந்தக் கதிரையில் அவர் அமர்ந்திருந்ததையும் சேர்த்தே எழுதவேண்டும்.

ஒப்பந்தத்தின்படி போனவர்கள் ரயிலேறித் தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்து, கப்பலில் இராமேஸ்வரம் சென்றார்கள். 1990 இல் அதே மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே கடல், வேறு வேறு கரைகள்.

யாழ்ப்பாணத்தில் அன்று காலை புலிகளின் வாகனங்கள் ஒலிபெருக்கியோடு முஸ்லிம் தெருக்களைச் சுற்றின. வீட்டுக்கொருவர் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்பது கட்டளை. அங்கே இளம்பரிதி சொன்னது ஒன்றுதான்: இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறவேண்டும். போகும் வழியில் சோதனையிட்டு நகைகளையும் பணத்தையும் பறித்தார்கள். கையில் விட்டது 150 ரூபாய் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர்.

அதே நாளில்தான் அயோத்தியில் பாபரி மஸ்ஜிதை நோக்கி வந்த கரசேவகர்கள் மீது பொலிஸார் சுட்டார்கள். இந்திய முஸ்லிம்களின் மனமெல்லாம் அங்கே இருந்த வேளையில், சோனகத் தெரு வெறிச்சோடியதைக் கேட்க யார் இருந்தார்கள்?

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று அரசாங்கங்கள் 15 ஆண்டுத் தவணை போட்டுச் செய்தது. மற்றது ஆயுதமுனையில் இரண்டு மணித்தியாலத்தில் நடந்தது. முன்னையதற்குப் பத்திரங்களாவது இருந்தன. பின்னையதில் இருந்த காணி உறுதிகளும் தொலைந்தன. ஆனால் தமிழ் நண்பர்களுடன் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுவதே பயன் தரும் என்பது என் அபிப்பிராயம். மலையக மக்களைக் கணக்குப் பார்த்து ஏற்றுமதி செய்தது அநீதி என்று உறுதியாகச் சொல்லும் ஒருவர், 1990 ஐப் பற்றி 'அப்போதைய சூழ்நிலை' என்று இழுக்கமுடியாது. 1990 ஐச் சொல்லி அழும் நாமும் 1964 ஐப் பாடப்புத்தகத்தோடு மூடிவைக்க முடியாது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை நியாயப்படுத்தமுடியாத அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். 'அரசியல் தவறு' என்பது கட்சிக் கணக்கில் வரும் நட்டம். வீடிழந்தவனுக்கு அது போதாத சொல். ஜூன் முடிவதற்குள் எங்கள் வாழைச்சேனையிலேயே கடைகள் எரிந்தன. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவில் ஒருவர் நடக்க அஞ்சினார்கள்.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்தது. 1983 க்குப் பின் தமிழ்நாட்டு முகாம்களுக்கு ஓடிய மலையக வம்சாவளியினர் பலர் அங்கே குடியுரிமையின்றியே இருந்தார்கள். 2019 டிசம்பரில் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை, முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. அதற்கு முந்திய மாதம், நவம்பர் 16 அன்று, ஜனாதிபதித் தேர்தலில் சொந்த மாவட்டத்தில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போன வடபுல முஸ்லிம்களின் பஸ் வண்டிகள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வெளியேறி 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. வாக்கு இன்னமும் மன்னாரில்தான் இருந்தது.