பீடமில்லாத ஆலயம்

ஆலயம் என்றவுடன் நம் உள்ளக்கண் முன் எழுவது பீடம். அதனருகே நற்கருணைப் பேழை, புனிதர் சுரூபங்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். பாப்டிஸ்ட் மரபினரின் பழைய ஜெபவீடு ஒன்றினுள் நுழையும் கத்தோலிக்கர் இவற்றைக் காணாது திகைப்பர். அங்கே நடுவில் நிற்பது போதக மேடை. அதன் கீழே ஓர் எளிய மேசை. பல இடங்களில் தரைப் பலகைகளுக்கு அடியில் ஒரு தொட்டியும் உண்டு. விசுவாசத்தை அறிக்கையிட்டவர் அதில் முழுவதுமாய் மூழ்கி எழுவர். இறைவாக்கும் தண்ணீருமே அக்கட்டடத்தின் தூண்கள்.

இம்மரபைக் கொல்லிமலைக்குக் கொணர்ந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் துணைவியார் ஈவ்லினும் ஆவர். 'ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்' சபையினரான இவர்கள், 1913-ஆம் ஆண்டில் மணம் முடித்து, வாழவந்தியில் குடியேறினர். ஜெஸ்ஸி கட்டடத் தொழில் அறிந்தவர்; கரையான் அண்டாதிருக்கத் தூண்களின்மேல் மரவீடு அமைத்தார். எனினும் பல ஆண்டுகள் அவரது போதனையை ஏற்பார் இல்லை. விஷக்காய்ச்சல் பரவிய காலத்தில், சாகும் தறுவாயிலிருந்த பூசாரி ஒருவர் தம் பெண்குழந்தையை இத்தம்பதியரிடம் ஒப்படைத்தார். அதன் பின்னரே மலைமக்களின் மனக்கதவு திறந்தது. சுவரினும் முன்னதாக எழும்பியது நம்பிக்கையே அன்றோ!

1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் மறைந்தார். பணி ஓய்வுக்குப் பின்னும் மலைகளைப் பிரிய மனமின்றி உழைத்த ஈவ்லின், 1974-இல் தமது 95-ஆம் வயதில் இறந்து, கணவரருகே அடக்கமானார். அவர்கள் மைந்தர் பால் பிராண்ட் முதலில் கட்டட வேலை பயின்று, பின்னர் மருத்துவராகி, வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீரமைத்தார்.

'ஸ்டிரிக்ட்' என்னும் அடைமொழிக்குக் காரணம் உண்டு. முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்க்கே அவர்கள் பந்தியில் இடம். குழந்தைப் பருவத்தில் நாம் பெற்ற திருமுழுக்கை அவர்கள் ஏற்பதில்லை. நம் நற்கருணைப் பந்தியிலும் அவர்கள் அமர இயலாது. இரு பக்கமும் கதவு மூடியே இருக்கிறது. இதை மறைப்பது அன்பாகாது.

ஆயினும் அந்தத் தொட்டி நமக்கு அந்நியமன்று. உரோமையின் இலாத்தரன் திருமுழுக்கு மண்டபத்தின் நடுவே அமைந்திருப்பதும் இறங்கி எழும் தொட்டியே. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் முழுகித் திருமுழுக்குப் பெறுவதை ஏற்கிறது. மறுபிறப்படைந்த அனைவரையும் திருமுழுக்கு ஒன்றிணைக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் உரைத்தது.

பீடம் நம்மைப் பிரிக்கலாம், தண்ணீர் பிரிக்கவில்லை. ஆகவே கொல்லிமலைக்குச் செல்லும் நாம் அக்கல்லறைகளின் முன் அன்னியராக நில்லாது, சகோதரராக ஒரு கணம் தலைவணங்குவோமாக.