நகரத்துக்கு வெளியே ஒரு சேரி: சென்னையின் மறுகுடியமர்வும் பொதுப் போக்குவரத்தும்

சென்னையின் வளர்ச்சி பற்றிப் பேசுவோர் மேம்பாலங்களையும் மெட்ரோ ரயிலையும் பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களையும் காட்டுவார்கள். அவை எழுந்த அதே கால் நூற்றாண்டில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் நகரின் தெற்கு விளிம்புக்குக் கொண்டுபோய்விடப்பட்டன. ஒக்கியம் துரைப்பாக்கத்தைச் சேர்ந்த கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் 6,734, பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். இம்மூன்றையும் சேர்த்தால் ஒரு நகராட்சியின் மக்கள்தொகை. அங்கு வாழ்வோரில் பெரும்பான்மையோர் தலித் மக்கள் என்பதைக் களத்தில் பணியாற்றும் எவரும் அறிவர். ஊருக்கு வெளியே சேரி என்ற கிராமத்து அமைப்பு, மாநகரத்தில் அரசாணையின் வழியாக மீண்டும் கட்டப்பட்டிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

வீட்டுவசதியை ஒரு துறையும் போக்குவரத்தை வேறொரு துறையும் தனித்தனியே திட்டமிடுகின்றன. ஆனால் வெளியேற்றப்பட்ட குடும்பத்துக்கு இவ்விரண்டும் ஒரே கேள்வி: வேலைக்கு எப்படிப் போவது?

சட்டம் சொன்னதும் வாரியம் செய்ததும்

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம் வந்தது. தலைப்பிலேயே மேம்பாடு முன்னும் அகற்றுதல் பின்னும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் வாரியம் பெரும்பாலும் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. இன்றும் நகரின் நடுவில் பழைய வாரியக் குடியிருப்புகள் நிற்பது அதனால்தான். 1977-இல் உலக வங்கி நிதியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், கட்டிய வீட்டுக்குப் பதிலாக மனையும் அடிப்படை வசதிகளும் தரும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கும் குறைகள் உண்டு. ஆயினும் அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற மனைப்பகுதிகள் நகரத்தோடு ஒட்டியே இருந்தன.

1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி, ஒரு பகுதியைக் 'குடிசைப் பகுதி' என்று அறிவிக்கை செய்வதாகும். அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியில் வாழ்வோரை உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெளியேற்ற முடியாது. அங்கு மேம்பாட்டுப் பணி செய்யும் கடமையும் அரசுக்கு வந்துவிடும். சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகள் அவ்வாறு பட்டியலிடப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அதன்பின் அப்பட்டியல் வளரவில்லை, நகரம் வளர்ந்தது. பட்டியலில் இடம்பெறாத குடியிருப்புகள் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் ஆக்கிரமிப்புகள். வருவாய்த் துறை ஆவணங்களில் நீர்நிலைக் கரைகள் 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு' என்று எழுதப்பட்டிருப்பதால் அங்கு பட்டா கேட்கவும் வழியில்லை. 2021-இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. 'குடிசை' என்ற சொல் பெயரிலிருந்து போயிற்று. அப்பட்டியல் அப்படியே இருக்கிறது.

2000-ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகரில் தொடங்கிய பெருங்குடியிருப்பு முறை, 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரிக்கு விரிந்தது. 2005 டிசம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் இயக்கத்தின் நிதி பெரும்பாக்கத்தைப் பெரிதாக்கியது. மொத்தமாகக் கிடைக்கும் அரசு நிலம், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள், எளிதான ஒப்பந்தம் ஆகியவை நிர்வாகத்துக்கு வசதியாயின. அந்நிலம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் படுகையை ஒட்டிய தாழ்வான பகுதி என்பது அவ்வசதியில் மறைந்துபோனது. ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லி வெளியேற்றப்பட்டவர்கள் மழைக்காலத்தில் செம்மஞ்சேரியில் முழங்கால் நீரில் நடக்கிறார்கள்.

தொலைவின் கணக்கு

கண்ணகி நகர் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பெரும்பாக்கம் இன்னும் தள்ளி. கூவம் கரையில் வாழ்ந்த ஒருவர் சென்ட்ரலுக்கோ கோயம்பேட்டுக்கோ நடந்தோ ஒரே பேருந்தில் ஏறியோ வேலைக்குப் போனார். மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்த பெண் நடுவே வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பினார். புதிய இடத்திலிருந்து போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 வேலைநாளுக்கு 100 மணி நேரம் சாலையில் கழிகிறது. எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் பன்னிரண்டரை நாள் உழைப்பு. அதற்குக் கூலி தருவார் யாரும் இல்லை. காலையில் நேரத்துக்கு வர முடியாதவரை வீட்டுக்காரர் நிறுத்திவிடுகிறார். நான்கு வீடு இரண்டாகிறது, பிறகு ஒன்றாகிறது. வீடற்றோர் உரிமைக்காக இயங்கும் வீட்டுவசதி மற்றும் நில உரிமைகள் வலையமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வு, டெல்லி, மும்பை ஆகியவற்றுடன் கண்ணகி நகரையும் எடுத்துக்கொண்டு, மறுகுடியமர்வு வறுமையைக் கூட்டிய விதத்தை ஆவணப்படுத்தியது.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். இந்நகரில் கடந்த பல ஆண்டுகளில் உழைக்கும் பெண்களுக்குக் கிடைத்த மிக நேரடியான உதவி இதுவே என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் கட்டணமில்லாப் பேருந்து வர வேண்டும், நிற்க வேண்டும், அதில் ஏற இடமும் இருக்க வேண்டும். அது வராத நேரத்தில் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் கூலியிலிருந்துதான் போகிறது. ஆண் கட்டடத் தொழிலாளிக்கு அச்சலுகையும் இல்லை.

ரயிலைப் பார்ப்போம். பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரை–சேப்பாக்கம் இடையே ஓடத் தொடங்கி, 1997-இல் திருமயிலையையும் 2007-இல் வேளச்சேரியையும் அடைந்தது. அதன் தடத்தின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயின் மேலேயே செல்கிறது. பேரளவிலான நிலையக் கூடங்கள் கட்டப்பட்டு, அவற்றின் மாடிகள் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்ததை நகரவாசிகள் அறிவர். கால்வாய்க் கரையில் வாழ்ந்தவர்களின் தலைக்கு மேலே ரயில் வந்தது. அவர்கள் அனுப்பப்பட்ட திசையிலோ அது வேளச்சேரியில் நின்றுவிட்டது.

மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கியது. 2021 பிப்ரவரியில் குறைக்கப்பட்ட பிறகு அதன் கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. பேருந்தில் இலவசமாகச் செல்லும் வீட்டுவேலைப் பெண்ணுக்குப் போக வர நூறு ரூபாய் என்பது ஒரு வீட்டின் வேலையையே விழுங்கிவிடும் தொகை. 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிப்காட் தடம் பழைய மாமல்லபுரம் சாலையில், துரைப்பாக்கம் வழியே கட்டப்படுகிறது. கண்ணகி நகருக்கு அருகில் ரயில் வரப்போகிறது என்பது உண்மை. எனினும் நிலையத்திலிருந்து குடியிருப்புக்குச் சிற்றுந்து, பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரே குறைந்த பயணச்சீட்டு ஆகியவை இல்லாவிட்டால், அந்த ரயில் மக்களைக் கடந்து செல்லும். மெட்ரோ தடங்களை ஒட்டிக் கூடுதல் தளப்பரப்பு அனுமதிக்கப்படும்போது நிலமுள்ளவரின் சொத்து மதிப்பு உயர்கிறது. அவ்வுயர்வில் ஒரு பங்கு, அதே தடத்தில் ஏழைகளுக்கு வீடாகத் திரும்ப வேண்டும் என்று கேட்பதில் மிகை ஏதுமில்லை.

அடுக்குகளின் உள்ளே

கண்ணகி நகரின் தொடக்ககால வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவானவை. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குகள். தள்ளுவண்டியை ஆறாம் மாடிக்கு ஏற்ற முடியாது. மீன் கூடையை இறக்கி வைக்கத் திண்ணை இல்லை. மின்தூக்கி பழுதானால் முதியவர் வீட்டுக்குள்ளேயே சிறைப்படுகிறார். தெருவே தொழிலிடமாக இருந்த மக்களுக்குத் தெரு இல்லாத கட்டடம் தரப்பட்டது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் தங்கள் முகவரியை மறைக்க வேண்டியிருக்கிறது. சேரியின் பெயரை மறைத்த முந்தைய தலைமுறையின் அனுபவத்திலிருந்து இது எவ்வளவு தூரம்? 2020-இல் கண்ணகி நகரின் சுவர்களில் அழகிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. அவற்றை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் படம் எடுக்க வந்தவர்கள் எளிதில் திரும்பிவிட்டார்கள். அங்கிருப்பவர்களின் பேருந்து நேரம் மாறவில்லை.

2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவே, கூவம் கரையிலிருந்த சத்தியவாணி முத்து நகர் மக்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். தமிழ்நாட்டின் அமைச்சராகவும் ஒன்றிய அமைச்சராகவும் இருந்த, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிய தலித் தலைவரின் பெயர் அது. அக்குடியிருப்பின் பிள்ளைகள் பலர் தேர்வுகளுக்காகப் பழைய பள்ளிக்கே நெடுந்தொலைவு வர வேண்டியதாயிற்று.

சட்டத்தில் பிடிமானம் இல்லாமல் இல்லை. 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரம் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. அதே தீர்ப்பு நடைபாதைவாசிகளை அகற்றவும் இறுதியில் இடம் தந்தது என்பதை மாணவர்கள் சேர்த்தே படிக்க வேண்டும். பாதித் தீர்ப்பை மேற்கோள் காட்டுவது நமக்கு உதவாது. அஜய் மக்கன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2019-இல் ஒரு படி மேலே சென்று, குடிசைவாசிகளுக்கு நகரத்தின் மீது உரிமை உண்டு என்றும், முன்கூட்டியே கணக்கெடுத்து, அவர்களோடு கலந்துபேசாமல் வெளியேற்றக் கூடாது என்றும் கூறியது. 2015 திருத்தத்துக்குப் பிந்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடி மக்களை நிலத்திலிருந்தோ வளாகத்திலிருந்தோ முறைகேடாக வெளியேற்றுவதைக் குற்றமாக வரையறுக்கிறது.

ஒரு குடியிருப்புக்கு வெளியேற்ற அறிவிப்பு வந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதலில் கேட்க வேண்டியவை சில: அப்பகுதி 1971 அல்லது 1985 பட்டியலில் உள்ளதா, நில வகைப்பாடு என்ன, கணக்கெடுப்பு எந்தத் தேதியில், யார் முன்னிலையில் நடந்தது, ஐந்து கிலோமீட்டருக்குள் மாற்று அரசு நிலம் தேடப்பட்டதா, புதிய இடத்தில் காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை எந்தெந்தத் தடத்தில் எத்தனை பேருந்துகள் இயங்குகின்றன. கடைசிக் கேள்வியை வாரியத்திடம் மட்டுமல்லாமல் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடமும் தனியே கேட்க வேண்டும். முப்பது நாளில் பதில் வரவில்லையென்றால் முதல் மேல்முறையீடு. அந்த நகலோடு சேர்த்தே நீதிமன்றத்தில் தடை கோரும் மனுவைத் தயாரிக்கலாம்.