திறன் நகரங்களின் கண்ணில் படாத செலவு

“ஸ்மார்ட் நகரம்” என்றதும் தானாக ஒளிரும் தெருவிளக்கும், சந்திதோறும் கமராவும், பஸ் வரும் நேரத்தைச் சொல்லும் கைத்தொலைபேசியுமே நினைவுக்கு வருகின்றன. இவற்றில் எதற்கும் புகைபோக்கி இல்லை. அதனால் இவை சூழலுக்குத் தீங்கற்றவை என்று நம்பிவிடுகிறோம். ஆனால் ஒரு நகரம் அனுபவிக்கும் வசதிக்கான சூழல் செலவை, பெரும்பாலும் வேறோர் ஊர் மக்களே செலுத்துகிறார்கள்.

மின்சாரம்

கமராக்களும் உணரிகளும் சேகரிக்கும் தகவல்கள் தரவு நிலையங்களில் சேமிக்கப்படுகின்றன. இரவு பகலாக இயங்கும் அக்கட்டடங்களைக் குளிர்விக்க மின்சாரமும், பல இடங்களில் பெருமளவு நீரும் தேவை. அயர்லாந்தில் 2015 இல் நாட்டின் மின்நுகர்வில் 5 சதவீதத்தைப் பெற்ற தரவு நிலையங்கள், 2023 இல் 21 சதவீதத்தைப் பெற்றன. அந்நாட்டின் நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து பயன்படுத்தியதோ 18 சதவீதம்தான். சிங்கப்பூரும் 2019 முதல் புதிய தரவு நிலையங்களுக்கான அனுமதியைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்து, பின்னர் கடுமையான நிபந்தனைகளுடனேயே மீண்டும் வழங்கத் தொடங்கியது.

கனிமம்

உலகில் தோண்டப்படும் கோபால்ற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. மின்கலங்களுக்கு அது தேவை. தொலைபேசியின் நுண்ணிய பாகங்களுக்கான தந்தாலமும் அந்நாட்டில் கிடைக்கிறது. அதன் தாதுச் சுரங்கங்கள் உள்ள ருபாயா பகுதியை 2024 இல் எம்23 ஆயுதக்குழு கைப்பற்றியது. இடப்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்த நாம், நம் கையிலிருக்கும் கருவிக்குப் பின்னால் இன்னொரு மக்களின் இடப்பெயர்வு இருப்பதை எளிதாகக் கடந்துபோக முடியாது.

கழிவு

2022 இல் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியல் கழிவை உருவாக்கியது. அதில் 22.3 சதவீதம் மட்டுமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. மீதியில் ஒரு பகுதி ஏழை நாடுகளில் கைகளால் உடைக்கப்படுகிறது. செம்பை எடுப்பதற்காக வயர்கள் திறந்தவெளியில் எரிக்கப்படுகின்றன. கானாவின் அக்பொக்புளோஷி 2021 வரை இதற்குப் பெயர்பெற்ற இடமாக இருந்தது.

நம் ஊரில்

யாழ்ப்பாணத்தில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்களுக்கு எதிராக 2019 இல் மக்கள் போராடினார்கள். விவாதம் பெரும்பாலும் 5ஜி கதிர்வீச்சைச் சுற்றியே நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில், சுன்னாகம் மின்னுற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவால் நிலத்தடி நீர் மாசடைந்த வழக்கில், கிணற்று உரிமையாளர்களுக்காக 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. இவ்விரு செய்திகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. சுண்ணக்கல் நிலத்தில் கிணற்றை நம்பி வாழும் குடாநாட்டில், மண்ணில் ஊற்றப்படுவது குடிநீரில்தான் வந்து சேரும். எண்ணெய்க்கு மட்டுமல்ல, பழைய மின்கலங்களிலுள்ள ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் இது பொருந்தும்.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்.ஈ.டி. விளக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. பார்சிலோனாவின் பூங்காக்களில் மண்ணின் ஈரப்பதத்தை அளக்கும் உணரிகள், தேவைக்கு மேல் நீர் பாய்ச்சாமலிருக்க உதவுகின்றன. வரட்சியான வடக்குக்கு இத்தகைய கருவிகள் பயன்படும்.

ஆனால் உள்ளூராட்சி சபைகள் புதிய திட்டமொன்றை அறிவிக்கும்போது சில கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். இதற்கான மின்சாரம் எங்கிருந்து வரும்? கருவி எத்தனை ஆண்டுகள் உழைக்கும்? பழுதானால் இங்கேயே திருத்த முடியுமா? ஆயுள் முடிந்ததும் அதை விற்ற நிறுவனம் திரும்பப் பெறுமா? இவற்றுக்கான பதில் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதப்படாவிட்டால், அந்தக் கழிவு ஊர் எல்லையிலுள்ள குப்பைமேட்டுக்கும், அங்கிருந்து அயலவர் கிணற்றுக்கும்தான் போகும்.