கனத்த நாதத்தின் கதை



தோட்டத்துக் கோயிலில் திருவிழா நடக்கும் இரவை நினைத்துப் பாருங்கள். உறுமி மேளம் செம்பனைக் காட்டுக்கு அப்பால் வந்துகொண்டிருக்கும்போதே லயத்து வாசலில் இருக்கும் நமக்கு அது தெரிந்துவிடுகிறது. முதலில் நம்மை எட்டுவது எது? தாழ்ந்த ஒலிதான். உயர்ந்த ஒலிகள் காற்றிலும் மரங்களிலும் தேய்ந்துபோகும். தாழ்ந்த ஒலியோ வளைந்து வளைந்து வந்து நம் நெஞ்சைத் தொடும். வளைந்த குச்சியால் உறுமியின் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகலைக் கேட்டுச் சாமி வந்து ஆடுபவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சோங் காராங் பக்கத்தில் ஒரு திருவிழாவில், தோட்டத்து இளைஞர்கள் சிலர் தங்கள் இசைக்குழுவை மேடையேற்றினார்கள். பேஸ் கிட்டாரைக் கரகரக்கும் ஒலியில் வைத்து வாசித்தார்கள். கொட்டகை அதிர்ந்தது; பாட்டின் ஒரு சொல்லும் விளங்கவில்லை. “இது பாட்டா, இரைச்சலா?” என்றார்கள் பெரியவர்கள். நாமும் எழுந்து போய், “தம்பி, சத்தத்தைக் குறை” என்றோம். பேஸ் வாசித்த பையன் நம்மிடம் படித்தவன். படிப்பைப் பாதியில் விட்டுச் செம்பனை ஆலை வேலைக்குப் போனவன். “சார், சத்தம் கூடிப்போகல, இடம் தப்பிப்போச்சு. கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு குமிழைத் திருப்பினான். சத்தம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பாடுபவன் குரல் தெளிவாக வந்தது. பேஸின் கனமும் நின்றது. அவன் திருப்பிய அந்தக் குமிழின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறோம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். மேல்நாட்டு இசையில் தாழ்ந்த சுருதிக்கு ஆள் உயரத்தைவிடப் பெரிய தந்தி வாத்தியம் ஒன்றை நிற்க வைத்து வாசித்தார்கள். முரசும் ஊதுகருவிகளும் முழங்கும்போது அதன் ஒலி அமுங்கிப்போகும். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர், தோளில் மாட்டி மின்சாரத்தால் ஒலிக்கும் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரைக்கு வந்த இளையராஜாவின் பாடல்களை நாம் முணுமுணுக்கிறோமே, அவற்றில் அடியில் நடைபோடும் அந்தக் கனத்த தந்தி ஒலி இந்தக் கருவியுடையதுதான். இதன் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தாழ்ந்த தந்தி அதைப்போல இரு மடங்கு, 82 தடவை அதிரும். மனிதக் காதுக்கு எட்டும் எல்லை ஏறக்குறைய 20 முதல் 20,000 வரை. ஆகவே பேஸ் கிட்டார் நம் கேள்வியின் அடித்தளத்தில் நிற்கிறது.

அடுத்து, கரகரப்பு எப்படி வந்தது? அது ஒரு பழுதில் பிறந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாடல் ஒன்று பதிவாகிக்கொண்டிருந்தது. கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்தி பேஸ் வாசித்தார். ஒலிப்பதிவு மேசையில் ஒரு பகுதி கெட்டுப்போய், அவருடைய தந்தி வண்டு இரைவதுபோல் ஒலித்தது. வேறொருவராக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்திருப்பார். அவர்கள் அப்படியே விட்டார்கள். 1961இல் அந்தப் பாட்டு பெரும் வெற்றி பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே இரைச்சலை வேண்டுமென்றே உண்டாக்கும் சிறு கருவி ஒன்றை உருவாக்க, 1962இல் அது கடைக்கு வந்தது.

பழுதான ஒலி காதுக்கு ஏன் பிடித்தது? இதற்கு விடை நம் தம்பூராவிலேயே இருக்கிறது. தம்பூராக்காரர் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, இழுத்து இழுத்துச் சரிபார்ப்பார். சரியான இடத்தில் அந்த நூல் நின்றதும் தந்தி ‘ரீங்’ என்று இரையும். ஒரே சுரத்துக்குள் பல கிளை ஒலிகள் எழும். மின்சாரக் கரகரப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒலிபெருக்கும் கருவிக்குத் தாங்க முடியாத அளவு ஒலியைக் கொடுத்தால், ஒலி அலையின் மேடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. அப்போது 41 அதிர்வுடன் 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் மிகுந்து ஒலிக்கின்றன. உங்கள் வீட்டுச் சிறிய வானொலிப் பெட்டியால் 41 அதிர்வை எழுப்ப முடியாது. ஆனால் அதன் மடங்குகளை எழுப்ப முடியும். அவற்றைக் கேட்ட மாத்திரத்தில், வராத தாழ்ந்த சுரத்தையும் நம் மூளை தானே நிரப்பிக்கொள்கிறது! என்ன விந்தை, பார்த்தீர்களா?

இந்த இசைக்குக் கனம் சேர்த்தவர்களில் ஒருவர் தொழிலாளி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் டோனி அயோமி என்ற 17 வயது இளைஞர் தகடு ஆலையில் வேலை பார்த்தார். இயந்திரம் அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கக்காரர். தந்தியை அழுத்துவது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார்; பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அவருடைய ‘பிளாக் சபத்’ குழு 1970இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. பேஸ் வாசித்த கீசர் பட்லரும் அந்தச் சுருதிக்கே இறங்கிவந்தார். உலகெங்கும் பரவிய கனத்த இசைக்கு அந்த ஆலை நகரமே தொட்டிலாயிற்று.

இனி, குமிழுக்கு வருவோம். தொலைபேசிக் கம்பி நெடுந்தூரம் போகும்போது உயர்ந்த ஒலிகள் மிகுதியாகத் தேயும். தேய்ந்ததை உயர்த்தி எல்லாவற்றையும் சமமாக்கப் பொறியாளர்கள் அமைத்த ஏற்பாடே ‘ஈக்குவலைசர்’, அதாவது ஒலிச் சமனாக்கி. 1952இல் பீட்டர் பேக்ஸண்டால் என்ற ஆங்கிலேயர் பேஸ், டிரபிள் என்ற இரண்டு குமிழ்களுக்கான எளிய மின்சுற்றை ஒரு வானொலி இதழில் வெளியிட்டார். பிறகு அது எண்ணற்ற ஒலிபெருக்கிகளில் இடம்பெற்றது.

கரகரக்கும் பேஸுக்கு இந்தச் சமனாக்கி மிகவும் தேவை. 200 முதல் 400 அதிர்வு வரை உள்ள பகுதி மிகுந்தால் ஒலி சேறுபோலக் குழம்பும். அந்தப் பையன் குறைத்தது இதைத்தான். 700 முதல் 1,000 வரை சற்று உயர்த்தினால் உறுமல் தெளிவாகும். 5,000க்கு மேலே உள்ளதை வெட்டினால் எண்ணெய்ச் சட்டி பொரிவதுபோன்ற இரைச்சல் போகும். தேர்ந்தவர்கள் பேஸ் ஒலியை இரண்டாகப் பிரித்து, அடி ஒலியைத் தூய்மையாக விட்டு, மேல் ஒலிக்கு மட்டும் கரகரப்பை ஏற்றுவார்கள். 1975இல் ‘மோட்டர்ஹெட்’ குழுவைத் தொடங்கிய லெம்மி, பேஸ், டிரபிள் இரண்டையும் இறக்கி நடு ஒலியை ஏற்றித் தனி முத்திரை பதித்தார். மாறாக, 1988இல் ‘மெட்டாலிக்கா’ குழு வெளியிட்ட இசைத்தட்டில் பேஸ் ஏறக்குறையக் காணாமலே போயிற்று. ஜேசன் நியூஸ்டட் வாசித்தது கிட்டாரின் சுரங்களையே ஒட்டிச் சென்றது. ஒலியைக் கலக்கும்போது பேஸைக் குறைத்தும் விட்டார்கள். தனக்கென்று இடம் இல்லாத ஒலி, எவ்வளவு உழைத்தாலும் கேட்காது.

இதில் தமிழர்களுக்கும் பங்குண்டு. நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 1992இல் ‘ருத்ரா’ என்ற குழு தோன்றியது. கதிர் என்பவர் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறார். 1998இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. வடமொழி மந்திரங்களையும் இந்திய இசையையும் கனத்த இசையோடு இணைத்து, ‘வேத மெட்டல்’ என்று பெயரிட்டார்கள். உறுமும் குரலும் பேஸும் ஒரே ஆளிடமிருந்து வரும்போது, எந்த ஒலிக்கு எவ்வளவு இடம் என்ற கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அறைக்குள் இப்படி உறுமிக்கொண்டிருந்தால், “நிறுத்து” என்று சொல்லுமுன் அவன் எந்தக் குமிழைத் திருப்புகிறான், ஏன் திருப்புகிறான் என்று கேளுங்கள். நாம் அன்று கேட்கத் தவறினோம். பள்ளியில் ஒலியின் அதிர்வெண்ணைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது அந்தப் பையன் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பாடம் அவனுக்கு ஏறவில்லை என்றே முடிவு கட்டினோம். அதே பாடத்தை, பல ஆண்டு கழித்து, கொட்டகையில் நூறு பேர் முன்னிலையில் அவன் நமக்கு நடத்திக் காட்டினான்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். ஆலையில் காதடைப்பான் அணிகிறீர்கள் அல்லவா? மேடையிலும் அணியுங்கள். கேட்கும் காது கெட்டுப்போனால் அதற்கு ஈடுசெய்யும் குமிழ் எங்கும் கிடையாது.

இந்த உரை முடிந்ததும் உங்கள் பெட்டியின் பேஸ் குமிழை ஒருமுறை ஏற்றி இறக்கிக் கேளுங்கள். வித்தியாசம் உங்களுக்கே விளங்கும்.