நான்காவது பேரரசு எது?

ஞாயிறு பள்ளிக்குப் போனவர்களுக்கு அந்தச் சிலையைத் தெரியும். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கனவில் கண்டது அது. தலை பொன், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால்கள் இரும்பு. பாதங்களில் மட்டும் இரும்பும் களிமண்ணும் கலந்திருக்கின்றன. யார் கையும் படாமல் பெயர்ந்து வந்த ஒரு கல் பாதத்தில் மோத, சிலை முழுவதும் பதராகப் பறந்துபோகிறது. கல் வளர்ந்து உலகை நிரப்பும் மலையாகிறது. ஒவ்வோர் உலோகமும் ஒரு பேரரசு, கல் கடவுளின் அரசு என்று கனவை விளக்குகிறார் யூதரான தானியேல். பொன் தலை நீர்தான் என்று ராஜாவிடம் சொல்கிறார். அடுத்து வரும் மூன்றுக்கும் தானியேல் நூலின் அந்த அதிகாரத்தில் பெயர் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து அரசின் பெயரை எழுதி வந்திருக்கிறது.

சிலையின் உலோகங்கள் யூதர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. கி.மு. 700 வாக்கில் கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் மனிதகுலத்தின் காலங்களைப் பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு என்று வரிசைப்படுத்தியிருந்தார். பாரசீகச் சமய நூல் ஒன்றிலும் நான்கு உலோகக் கிளைகள் கொண்ட ஒரு மரம் வருகிறது. பேரரசுகளின் வரிசையும் அப்படித்தான். அசீரியர், மேதியர், பாரசீகர் என்று ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருந்தார். அலெக்சாண்டருக்குப் பிறகு மாசிடோனியா நான்காவதாகச் சேர்ந்தது. நான்கு முடிந்ததும் ஐந்தாவது யார் என்ற கேள்வி தானாக எழும். ரோமானியர்கள் அதற்குத் தங்கள் பெயரையே சொன்னார்கள். தோற்றவர்களும் வென்றவர்களும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு வெவ்வேறு முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

கி.மு. 167-இல் சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னர் நான்காம் அந்தியோகஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினார். ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடைசெய்தார். தானியேல் நூல் இன்றைய வடிவத்தைப் பெற்றது அந்தக் கொடுமையின் நடுவில்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அதற்கு 400 ஆண்டுகள் முன்பே பாபிலோனில் எழுதப்பட்டது என்பது மரபின் நம்பிக்கை. எப்படியிருந்தாலும், ஒடுக்கப்பட்டுக் கிடந்த ஒரு சிறு மக்கள்கூட்டத்துக்கு, உன்னை மிதிக்கும் கால் களிமண் கலந்தது என்று சொன்ன நூல் அது. அந்தத் துணிவை மறந்துவிட்டால் அதன் பிற்கால வரலாறு வெறும் கணக்கு விளையாட்டாகத் தோன்றிவிடும்.

பிறகு ரோம் வந்தது. கி.பி. 70-இல் ஆலயம் தரைமட்டமானது. நான்காவது அரசு கிரேக்கம் என்று இனிச் சொல்ல முடியாது, அதுதான் போய்விட்டதே. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நான்காம் எஸ்றா என்ற நூல் இதை ஒளிக்காமல் சொல்கிறது: எஸ்றா காணும் கழுகுதான் தானியேல் கண்ட நான்காவது அரசு, ஆனால் தானியேலுக்கு இப்படி விளக்கப்படவில்லை என்று வானதூதரே பேசுகிறார். பழைய தரிசனத்துக்குப் புதுப் பொருள் தருகிறேன் என்று இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட உரையாசிரியர் பின்னால் அதிகம் பேர் இல்லை. அதே காலத்தில் ரோமில் பேரரசரின் ஆதரவில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், கனவைச் சொல்லிக்கொண்டே வந்து கல்லின் அருகில் நின்றுவிடுகிறார். நான் எழுதுவது நடந்தவற்றை, நடக்கப்போவதை அல்ல என்று ஒதுங்கிக்கொள்கிறார். கல் யார் தலையில் விழும் என்பதை ரோமில் உட்கார்ந்துகொண்டு எப்படி எழுதுவது?

மூன்றாம் நூற்றாண்டில் தீரு நகரத்தைச் சேர்ந்த போர்பிரி, இந்நூல் அந்தியோகஸ் காலத்தது என்று முதன்முதலாக விரிவாக வாதிட்டார். கிறிஸ்தவத்தை எதிர்த்த அவருடைய நூல்கள் பின்னாளில் அரச ஆணையால் எரிக்கப்பட்டன. ஆனால் பெத்லகேமில் வாழ்ந்த ஜெரோம், 407-இல் தானியேலுக்கு உரை எழுதியபோது அவரை மறுப்பதற்காக அவர் வாதங்களை வரிசையாக எடுத்து எழுதினார். எதிராளியின் கையால் பிழைத்த வாதம்தான் இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுகிறது.

ஆறாம் நூற்றாண்டில் கதைக்குள் ஒரு வணிகர் நுழைகிறார். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த காஸ்மாஸ், மிளகு விளையும் மலபாரையும் இலங்கைக் கிறிஸ்தவர்களையும் பற்றி எழுதியவர். நான்கு அரசுகளும் மாசிடோனியாவோடு முடிந்தன, ரோம் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பது அவர் கட்சி. கிறிஸ்து பிறந்த காலத்தில் எழுந்த அரசு என்பதால் ரோம் அந்தக் கல்லின் மேன்மையில் பங்கு பெற்றதாம். சாட்சி? எல்லா நாட்டிலும் செல்லும் அதன் நாணயம்! இன்னோரிடத்தில் ஒரு கதையும் சொல்கிறார். சோபத்ரோஸ் என்ற ரோமானிய வணிகரும் ஒரு பாரசீகரும் இலங்கை மன்னர் முன் நிற்க, உங்களில் யாருடைய அரசர் பெரியவர் என்று மன்னர் கேட்கிறார். ஒருவர் தங்க நாணயத்தை நீட்டுகிறார், மற்றவரிடம் இருப்பது வெள்ளி. மன்னர் ரோமுக்குத் தீர்ப்புச் சொல்லி, சோபத்ரோஸை யானைமேல் ஏற்றி மேளம் முழங்க ஊர்வலம் விடுகிறார். இலங்கை மன்னர் ரோமானிய நாணயத்தை வியந்த கதையை முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதியிருக்கிறார் என்பதால், இது கைமாறி வந்த வணிகர் கதையாகவும் இருக்கலாம். எளியவர்களின் ஆறுதலாகப் பிறந்த தரிசனம் பேரரசின் பெருமைக்குச் சான்றாகிவிட்டது என்பதுதான் இங்கே எனக்கு உறுத்துகிறது.

பிறகு வந்தவர்கள் அதே வழியில் நடந்தார்கள். ரோம் விழுந்தும் உலகம் முடியவில்லை. ஆகவே ரோம் விழவில்லை, பிராங்குகளுக்கும் பின் ஜெர்மானியர்களுக்கும் கைமாறியது என்றார்கள் ஐரோப்பியர்கள். ஸ்பெயினில் பிறந்த யூத அறிஞர் இபன் எஸ்ரா, கிரேக்கத்தையும் ரோமையும் மூன்றாவது அரசாக ஒன்றாக்கி, அரபியரை நான்காவதாக வைத்தார். 1529-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது லூதர் அவசரமாகத் தானியேலை மொழிபெயர்த்தார். அந்நூலின் ஏழாம் அதிகாரத்தில் நான்காவது மிருகத்துக்கு முளைக்கும் சின்னக் கொம்பு துருக்கியர்தான் என்று அவருக்கு உறுதி. அதற்கு முன்பே, 1524-இல், தாமஸ் முன்ட்சர் அல்ஷ்டெட் கோட்டையில் சாக்சனி பிரபுக்கள் முன்னிலையில் சிலைக் கனவு வரும் அதிகாரத்தைப் பிரசங்கித்திருந்தார். கல் உருளத் தொடங்கிவிட்டது, ஏழைகளுக்கு அது தெரியும் என்பது அவர் செய்தி. அடுத்த ஆண்டே விவசாயிகள் போரில் பிடிபட்டுத் தலை இழந்தார். நூல் தன் பழைய சொந்தக்காரர்களிடம் ஒரு கணம் திரும்பி வந்தது.

1655-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சிறு புத்தகம் வந்தது. எழுதியவர் ரப்பி மெனாசே பென் இஸ்ரயேல், படங்கள் செதுக்கியவர் ரெம்பிராண்ட். யாக்கோபு தலைவைத்த கல், தாவீதின் கவண்கல், சிலையை உடைத்த கல் மூன்றும் ஒன்றே என்று வாதிட்ட நூல் அது. அதே ஆண்டு அவர் லண்டன் போய், யூதர்களை இங்கிலாந்தில் மீண்டும் குடியேறவிடுமாறு கிராம்வெல்லிடம் மனுக் கொடுத்தார். கிராம்வெல்லைச் சுற்றியும் ஐந்தாம் அரசுக்காரர்கள் என்றே ஒரு கூட்டம் இருந்தது. அவர்களில் பீப்பாய் செய்யும் தாமஸ் வென்னர் 1661 ஜனவரியில் லண்டனில் ஆயுதம் ஏந்திக் கலகம் செய்து தூக்கிலேறினார். மெனாசேயோடு ஆம்ஸ்டர்டாமில் உரையாடிய இன்னொருவர் போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி அந்தோனியோ வியெய்ரா. ஐந்தாவது பேரரசு போர்ச்சுகல் என்று நம்பியதற்காக விசாரணை மன்றம் அவரைச் சிறையில் அடைத்தது.

1728-க்குள் தரங்கம்பாடி அச்சகம் பழைய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்திருந்தது; தானியேலின் சிலையும் அதோடு தமிழுக்கு வந்தது. தானியேலைப் பற்றி ஐசக் நியூட்டன் எழுதியது, அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1733-இல்தான் வெளிவந்தது. ஒரு நாளை ஓர் ஆண்டாக எண்ணும் கணக்கையே அவரும் பின்பற்றினார். சார்லமேன் முடிசூடிய 800-ஓடு 1,260 ஆண்டுகளைக் கூட்டி, 2060-க்கு முன் முடிவு வராது என்று அவர் குறித்த தாள் இன்று எருசலேமில் இருக்கிறது. அதே நாள்-ஆண்டுக் கணக்கில் அமெரிக்காவின் வில்லியம் மில்லரும் அவர் கூட்டத்தாரும் கிறிஸ்து திரும்பி வரும் நாள் என்று 1844 அக்டோபர் 22-ஐ வந்தடைந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் விடியும்வரை காத்திருந்தார்கள்.

அயர்லாந்தின் ஜான் நெல்சன் டார்பி வேறு வழி கண்டார். இஸ்ரயேலுக்கான கணக்கு நடுவில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, திருச்சபை விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபின் அது மறுபடி ஓடும், யூதர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்புவார்கள் என்றார். டார்பியின் சகோதரர் சபை வட்டத்தைச் சேர்ந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியா வந்தார். அவர் வழியில் நின்ற நெல்லைச் சீமையின் ஜான் அருளப்பன் 1860-இல் பெரும் எழுப்புதலுக்குக் காரணமானார். டார்பியின் திட்டத்தையோ 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் வசனத்தின் கீழேயே குறிப்பாக அச்சிட்டது. ஒரே பக்கத்தில் இருந்ததால் எது வசனம், எது விளக்கம் என்பது பலருக்கு மங்கிப்போனது. 1948-இல் இஸ்ரேல் பிறந்ததும் அந்தக் குறிப்புகளுக்குப் புது வலிமை வந்தது.

1970-இல் ஹால் லிண்ட்சே எழுதிய புத்தகம் பத்துக் கொம்புகளை ஐரோப்பியப் பொதுச் சந்தையில் தேடியது. (சிலைக்குக் கால்விரல்கள் பத்து என்று தானியேல் எங்கும் எண்ணிச் சொல்லவில்லை, எண்ணிக்கை ஏழாம் அதிகாரத்து மிருகத்தின் கொம்புகளுக்கே உரியது.) 1981-இல் கிரேக்கம் சேர்ந்ததும் உறுப்பு நாடுகள் சரியாகப் பத்து ஆயின. எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் சிலிர்த்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் எண்ணிக்கை பன்னிரண்டானது. 1986-இல் புதிதாக வந்து சேர்ந்த இரண்டு நாடுகளில் ஒன்று ஸ்பெயின். மற்றது, ஐந்தாவது பேரரசு என்று வியெய்ரா நம்பிய அதே போர்ச்சுகல்.