குழாய் ஒலிபெருக்கியும் பானை ஸ்பீக்கரும்

சங்கரன்கோவில் ஆடித்தபசு போன்ற தென்மாவட்டத் திருவிழாக்களில் நெடுங்காலம் ஒலித்தது 'குழாய்' என்று மக்கள் அழைத்த கூம்பு ஒலிபெருக்கி. 1915இல் அமெரிக்காவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிடாமும் தாங்கள் உருவாக்கிய ஒலிக்கருவியில் கிராமபோன் குழாயைப் பொருத்திப் பொதுமக்களுக்கு இசை கேட்கச் செய்தனர். இதன் வரலாற்றில் அது முக்கியமான கட்டம்.

குழாயின் குறுகிய கழுத்தில் யூனிட்டின் மெல்லிய தகடு அதிர்கிறது. படிப்படியாக விரியும் குழாய் அவ்வதிர்வை வெளிக்காற்றோடு இணைப்பதால், குறைந்த மின்திறனிலேயே ஒலி வெகுதொலைவு செல்லும். ஆனால் வாயின் சுற்றளவு ஏறத்தாழ ஓர் அலைநீளம் இருந்தால்தான் தாழ்ந்த ஒலி நன்கு வெளிப்படும். 300 ஹெர்ட்ஸுக்கு 36 செ.மீ. விட்டம் போதும், 50 ஹெர்ட்ஸுக்கோ 2 மீட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு பெரிய குழாயை எந்தக் கம்பத்தில் கட்டுவது? அதனால்தான் குழாயில் பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்கும், மேளத்தின் அடி கேட்காது.

அந்த அடியை வீட்டில் கேட்க விரும்பியவர்கள் மண்பானையை நாடினர். பானை வாயில் சாதாரண ஸ்பீக்கரைப் பொருத்தினால், அதன் பின்பக்க அலை முன்பக்க அலையோடு கலந்து தாழ்ந்த ஒலியை அழிப்பது தடைபடும். தச்சரின் மரப்பெட்டி செய்யும் வேலையைக் குயவரின் பானை செய்துவிடுகிறது, மிகக் குறைந்த செலவில். பானையின் அளவுதான் இதில் சுருதி. சிறு பானைக்குள் அடைபட்ட காற்று விறைப்பாக நின்று ஸ்பீக்கரின் அசைவைத் தடுக்கும். பெரிய பானையில் ஒலி இன்னும் ஆழமாக இறங்கும்.