உளவுக் கேமராவில் நம் கொல்லைகள்

முண்டியம்பாக்கத்தை இன்று கைப்பேசியிலேயே மேலிருந்து பார்த்துவிடலாம். தண்டவாளம், நெடுஞ்சாலை, சர்க்கரை ஆலை, மருத்துவக் கல்லூரி, சுற்றிலும் கரும்பும் கிணற்றுப் பாசனக் கொல்லைகளும். எனக்கு வேறொரு கேள்வி: அறுபது வருஷத்துக்கு முன்னால் இந்த மாதிரி ஊர்களை யார் மேலிருந்து பார்த்தார்கள்?

1858இல் நாடார் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் பாரிஸ் அருகே பலூனில் ஏறிப் படம் எடுத்தார். (பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம்.) அதன்பிறகு வானத்துக் கேமரா பெரும்பாலும் ராணுவத்தின் சொத்தாகிவிட்டது.

1960 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'கொரோனா' உளவுச் செயற்கைக்கோள் முதன்முறை வெற்றி பெற்றது. படச்சுருளைப் பெட்டியில் வைத்துக் கீழே போடும். பாராசூட்டில் இறங்குவதைப் பசிபிக் கடலுக்கு மேலே விமானம் கொக்கி போட்டுப் பிடிக்கும். தேடியது சோவியத் ஏவுகணைகளை. 1972 வரை சேர்ந்த 8 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் இந்தியக் கிராமங்களும் போகிற போக்கில் விழுந்தன. 1995இல்தான் ரகசியம் நீங்கியது.

இங்கேயோ, வானிலிருந்து படம் எடுக்கவே பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டியிருந்தது. 2021இல்தான் வரைபட விதிகளும் ட்ரோன் விதிகளும் தளர்ந்தன. நம்ம ஏரியை நாம பார்க்க அவ்வளவு காலம்!

கொரோனாவின் கடைசிக் கேமராக்களுக்குத் தரையில் சுமார் ஆறடிப் பொருள் தெரியும். ஆள் தெரியாது. ஏரிக்கரை தெரியும், பெரிய கிணறு கரும்புள்ளியாகத் தெரியும், வரப்பு கோடாகத் தெரியும். இன்று ஏரி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அதை வைத்து அளக்கலாம். ஆக்கிரமிப்பே இல்லை என்று சாதிப்பவர்களுக்கு எதிரான சாட்சி அது.

இன்னொன்றும் தெரியும். எங்கள் பக்கத்து ஊர்கள் பலவற்றை மேலிருந்து பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு: ஒரு பக்கம் ஊர், வயலைத் தாண்டிக் காலனி. "கொல்லைக்குப் போய்ட்டு வரேன்" என்று ஆயா கிளம்பிய வழியில் அந்த இடைவெளி வெறும் வரப்பாகத்தான் எனக்குத் தெரிந்தது. படத்தில் அது திட்டமிட்ட தூரம். எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்பதை எந்தக் கேமராவும் சொல்லாது. அதற்குக் கீழே இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆயாவின் தலைமுறை இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.